முடிஞ்சுபோன கணக்குன்னு நீ சொன்னியே

டேய் சேகர்,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத. கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் எதையும் படிக்கக்கூடாதுன்னுட்டாங்க, சும்மா படுத்துக்கிட்டு நீ கடைசில எழுதின அந்த வரியையே அசைபோட்டுக்கிட்டு இருந்தேன். காம்ப்ளெக்ஸ் சர்ஃபேஸ், அதாவது காம்ப்ளெக்ஸ் எண்ணுல ரெண்டு பரிமாணம் உள்ள பரப்பு, அதை வகை பிரிக்கிற கிளாசிஃபிகேஷனை கணிதக்காரர் கொடைரா 1960கள்லயே முடிச்சாச்சு, ரிடையர் ஆனப்புறம் அதைப் போய் கட்டிக்கிட்டு அழறியேன்னு கேட்டிருந்தல்ல? முடிஞ்சுதா என்ன! இந்த கடிதம் பூரா அதுதான், பொறுத்துக்கோ.

ஒரே பரிமாணம் உள்ள கர்வ்ல ஜீனஸ்னு, அதாவது ஓட்டை எத்தனைன்னு, ஒரே நம்பர், 0, 1, அதுக்கு மேல, அவ்வளவுதான் டோப்பாலஜி. சர்ஃபேஸுக்கு வந்தா முதல் தலைவலியே ப்ளோ-அப். ஒரு புள்ளியை எடுத்துட்டு அங்க ஒரு முழு புரொஜெக்டிவ் லைனை சொருகலாம், அந்தப் புள்ளி வழியா போற ஒவ்வொரு திசைக்கும் ஒரு புள்ளி, இதை எத்தனை தடவை வேணா செய்யலாம், ஒவ்வொரு தடவையும் புது சர்ஃபேஸ் வரும், இப்படியே போனா எதைன்னு பட்டியல் போடறது. அதனால முதல்ல சொருகினதையெல்லாம் பிடுங்கணும். தன்னைத்தானே வெட்டிக்கிற எண் -1 ஆ இருக்கற லைன் எங்க இருந்தாலும் அதை ஒரு புள்ளியா சுருக்கிடலாம், ஒவ்வொரு சுருக்கலுக்கும் ரெண்டாவது பெட்டி நம்பர் (Betti, ரெண்டு பரிமாண ஓட்டை எத்தனைன்னு எண்றது) ஒண்ணு குறையும், குறைஞ்சுக்கிட்டே போறது எங்கயாவது நின்னுதானே ஆகணும், நின்னா அது மினிமல். அப்புறம் கேனானிகல் பண்டில், அதாவது சர்ஃபேஸ் மேல இருக்கற ரெண்டு பரிமாண டிஃபரென்ஷியல் ஃபார்ம்களோட கட்டு, அதோட பவரை ஏத்திக்கிட்டே போய் செக்ஷன், அதாவது சர்ஃபேஸ் முழுக்க ஓடற ஃபார்ம், எவ்வளவு வேகமா பெருகுதுன்னு பாத்தா கொடைரா டைமென்ஷன்: மைனஸ் இன்ஃபினிட்டி, 0, 1, 2. இந்த நாலு அறைக்குள்ள பத்து வகை. அதுல ஒரு வகை கே3, அதுக்கு அந்தப் பேரு 1958ல ஆந்த்ரே வெய்ங்கற கணிதக்காரர் வச்சது, கும்மர், கேலர், கொடைரா மூணு பேரோட கே2 மலையையும் சேர்த்துக்கிட்டாரு, குசும்பைப் பாரு.

எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. எல்லாத்துலயும் எளிய சர்ஃபேஸான புரொஜெக்டிவ் பிளேனுக்கு ஜியோமெட்ரிக் ஜீனஸும் (ரெண்டு பரிமாண ஃபார்ம் எத்தனைன்னு எண்றது) 0, இர்ரெகுலாரிட்டியும் (ஒரு பரிமாண ஃபார்ம் எத்தனைன்னு எண்றது) 0. அப்போ இந்த ரெண்டும் 0 ஆ இருக்கற சர்ஃபேஸ் எல்லாம் பிளேனோட உறவுக்காரங்கதானா, அதாவது ரேஷனலா, பெரும்பகுதி பிளேனோட ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப்போறதா? 1890கள்ல இத்தாலிக் கணிதக்காரர் காஸ்டெல்நோவோ இதைத் தோண்டிக்கிட்டு இருக்கறப்ப அவர் கூட்டாளி என்ரிக்கெஸ் ஒரு சர்ஃபேஸைக் கொண்டுவந்து வச்சாரு பாரு. டெட்ராஹெட்ரனோட ஆறு விளிம்புலயும் ரெட்டையா போற ஆறாம் டிகிரி சர்ஃபேஸ். ரெண்டு நம்பரும் 0தான், ஆனா கேனானிகல் பண்டிலோட ஸ்கொயர் ட்ரிவியல், அதாவது முறுக்கே இல்லாத கட்டு, அதுக்கு ஒரு செக்ஷன் வந்து நிக்குது, ரேஷனல்னா வரவே கூடாது. அதனாலதான் காஸ்டெல்நோவோ தியரத்துல வெறும் ஜீனஸைப் பாக்காம ரெண்டாவது ப்ளூரி ஜீனஸ், அதாவது அந்த ஸ்கொயருக்கு செக்ஷன் எத்தனைங்கறது, 0ன்னு கேக்கறாரு. அப்புறம் என்ரிக்கெஸோட தங்கச்சியா அக்காவா, கூடப்பிறந்தவளையே காஸ்டெல்நோவோ கட்டிக்கிட்டாரு. மச்சானும் மச்சினனும் சண்டை போடாம சேர்ந்து கணக்கு போட்ட குடும்பம், எங்க வீட்டுல நடக்குமா!

சரி, உன் "முடிஞ்சுது"க்கு வரேன். கொடைரா அல்ஜிப்ரா இல்லாத சர்ஃபேஸையும் உள்ள சேர்த்தாரு, அதுல ஏழாவது கிளாஸ்னு ஒண்ணு, முதல் பெட்டி நம்பர் 1. ஹாப்ஃப் (Hopf) சர்ஃபேஸ் இங்கதான், ரெண்டு காம்ப்ளெக்ஸ் பரிமாணம் உள்ள வெளியில ஆரிஜினை எடுத்துட்டு ரெண்டால பெருக்கற செயலால வகுத்தா, அதாவது ஒரு புள்ளியையும் அதோட ரெண்டு மடங்கையும் ஒண்ணுன்னு எடுத்தா, கிடைக்கும். ரெண்டாவது பெட்டி நம்பர் 0ன்னா ஹாப்ஃப், இல்லன்னா இனோவே சர்ஃபேஸ், அவ்வளவுதான், 1990கள்ல நிரூபணம் முழுசா ஆச்சு. நம்பர் 1க்கு டெலெமான் 2005ல இயற்பியல்ல இருந்து வந்த யாங்-மில்ஸ் சமாச்சாரத்தை உள்ள கொண்டுவந்து வழி பண்ணாரு. பொதுவா எல்லா நம்பருக்கும்? இன்னும் யூகம்தான்டா. பத்துல ஒரு பொட்டி திறந்தே கிடக்கு.

இன்னொரு பக்கம் ஜெனரல் டைப், கொடைரா டைமென்ஷன் 2 ஆ இருக்கற வகை. ஃபைல் கேபினெட்ல "இதர"ன்னு ஒரு டிராயர் இருக்குமே, மத்த டிராயர் எல்லாத்தையும் விட அதுதான் ரொம்பி வழியும், அந்த கதை. ஒன்பது வகையை அடுக்கிட்டு மிச்சத்துக்கு ஒரு பேரை வச்சா அது கிளாசிஃபிகேஷனா? கொஞ்சம் ஓவராதான் பேசறேன், கேனானிகல் ஸ்கொயர் (கேனானிகல் கிளாஸ் தன்னைத்தானே வெட்டிக்கிற எண்), ஆய்லர் நம்பர் (பெட்டி நம்பர்களை மாத்தி மாத்தி கூட்டிக் கழிச்சது) இந்த ரெண்டையும் ஃபிக்ஸ் பண்ணிட்டா அந்த சர்ஃபேஸ் எல்லாத்துக்கும் வரைபடம் மாதிரி ஒரு மாடுலை ஸ்பேஸ் இருக்குன்னு கீஸெகர் 1977ல காட்டிட்டாரு. அதுலயும் பிளேன் மாதிரியே வேஷம் போடறவங்க இருக்காங்க! மம்ஃபோர்ட் 1979ல பெட்டி நம்பர் எல்லாமே பிளேனோட ஒத்துப்போற ஒண்ணைக் கண்டுபிடிச்சாரு, பாத்தா ஜெனரல் டைப். இந்த மாதிரி போலி பிளேன் மொத்தம் எத்தனைன்னு கோபால் பிரசாத், யியுங் 2007ல பெரும்பகுதி பிடிச்சாங்க, கார்ட்ரைட், ஸ்டெகர் 2010ல கம்ப்யூட்டர் வச்சு முடிச்சாங்க. சரியா 100.

உனக்கு கை நமைச்சல் எடுக்கணும்னு ஒரு கணக்கு வைக்கிறேன். ஃபெர்மா குவின்டிக் சர்ஃபேஸ், நாலு கோஆர்டினேட்டோட அஞ்சாம் பவரைக் கூட்டினா 0ன்னு வர்றது, அதுக்கு கேனானிகல் ஸ்கொயர் 5, ஆய்லர் நம்பர் 55. நாலு கோஆர்டினேட்டையும் அஞ்சாம் யூனிட்டி மூலத்தோட வேற வேற பவரால பெருக்கினா எந்தப் புள்ளியும் நிலையா நிக்காது, அதனால அந்த அஞ்சு பெருக்கலால தாராளமா வகுக்கலாம், ரெண்டு நம்பரும் அஞ்சுல ஒரு பங்காகி 1, 11 ஆகுது. கூட்டினா 12, நோயெதர் ஃபார்முலாவுல 12ஆல வகுத்தா 1, பிளேனுக்கு வர அதே 1. கோடோ 1931ல பிடிச்சது இதுதான். அதோட ஃபண்டமெண்டல் க்ரூப், அதாவது புள்ளியா சுருங்காத கண்ணிகளோட கணக்கு, என்னன்னு நீயே சொல்லு, அடுத்த கடிதத்துல எழுது, மருமகளுக்கு வேலை கிடைச்சுதான்னும் எழுது.

உன்,
பாலு