அமுக்கரா அனுப்புங்கள், பற்பம் வேண்டாம்

கனெக்டிகட், அமெரிக்கா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தொண்டி மருந்துக் கடையில் எல்லாரும் சுகம்தானே? உண்ணி கடித்து வரும் லைம் நோய் ஆறிய பிறகும் விடாத அசதிக்கு நம் மருந்து உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே ஜூன் பிறந்தால் உண்ணிக் காலம். மான் வாசல்வரை வந்து மேயும். நம்மூர் ஆட்டுக் காதில் கிடக்கும் உண்ணி இல்லை, கசகசா அளவுக் குஞ்சு. முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் தடவித்தான் தேட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது; கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கணும்.

இந்த உண்ணி கடித்துப் பரவுவதுதான் லைம் நோய். லைம் என்பது இங்கே ஓர் ஊர். 1975-ல் அங்கே பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியதில் கவனத்துக்கு வந்த நோய் இது. நம்மூர் உண்ணிக் காய்ச்சல் வேறு. கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் 100 மில்லிகிராம், காலை மாலை, 10 நாள். அதற்குப் பதிலாக மூலிகை கிடையாது.

நீங்கள் கேட்டது அதற்குப் பிறகும் விடாத அசதி, மூட்டுக் குடைச்சல், மறதி பற்றி. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மாதக்கணக்கில் இருக்கும். சிக்குன்குனியா போன பிறகு படியேற முடியாமல் கிடந்தார்களே, அந்த மாதிரி. ஆன்டிபயாட்டிக்கை நீட்டிப் பார்த்தும் நிலைத்த பலனில்லை. 2020-ல் வந்த ஓர் ஆய்வில் கிரிப்டோலெப்பிஸ் என்ற ஆப்பிரிக்க வேர், கண்ணாடிக் குழாயில் கிருமியைக் கொன்றது. அதை நம்பிச் சீசா சீசாவாக வாங்குகிறார்கள். குழாயில் நடந்தது உடம்பிலும் நடக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

ஆகவே தூக்கத்துக்கும் வலிக்கும் மட்டும் பார்ப்போம். அமுக்கரா (அசுவகந்தா) கிழங்கு, பால் ஆவியில் பிட்டுப் போல் அவித்து (பிட்டவியல்) உலர்த்தியது, இரவில் ஒரு கிராம், இளஞ்சூட்டுப் பாலில். தைராய்டு, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிக்கும் ஆகாது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்தி டாக்டரிடம் போகணும். மஞ்சள் குழம்போடு போதும். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. நிலவேம்பு காய்ச்சலுக்கு; இதற்கு வேண்டாம், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும்.

குடைச்சலுக்குக் கல் உப்பு ஒத்தடம். வாலிநோக்கம் உப்பை வறுத்துப் பருத்தித் துணியில் முடிந்து, மணிக்கட்டில் சூடு பார்த்து, பத்து நிமிடம். ஆனால் முழங்கால் நீர்கோத்து வீங்கினாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ, நெஞ்சு படபடத்தாலோ அது மிச்ச வலி இல்லை. ஒத்தடத்தை வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடணும்.

உலோகம், தாதுப்பொருளைப் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் எதுவும் வேண்டாம். அவற்றில் ஈயம், பாதரசம் இருக்கலாம். அமுக்கராவைக் கிழங்காகவே கட்டுங்கள். உடைத்தால் உள்ளே வெள்ளையாக, குதிரை வாடை அடிக்கணும். பொட்டலத்தில் பெயரும் எடையும் எழுதுங்கள். சித்திக்கு வணக்கம்.