பொதிகைக்குப் பாதை கேட்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பொதிகை மலை பற்றிய கட்டுரையைப் படித்தேன். அகத்தியர், தென்றல், சந்தனம், மூலிகை எல்லாம் வந்தன. கடைசியில், பாபநாசம் வழியாகவும் பக்தர்களை உச்சிக்கு விட வேண்டும் என்று ஒரு கோரிக்கை. அதில் எனக்கு உடன்பாடில்லை.

1868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு இப்போது கேரளத்தின் போணக்காடு வழியாகத்தான் ஏறுகிறார்கள். அதுவும் முன்பதிவு செய்து, நாளுக்கு இத்தனை பேர் என்ற கணக்கோடு. நம் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இரண்டு பருவமழையையும் அந்தச் சோலைக்காடு வாங்கி வைத்து மெல்ல மெல்லக் கசியவிடுவதால்தான் தாமிரபரணி கோடையிலும் ஓடுகிறது. புன்னைக்காயல் வரை எத்தனை ஊர் அதை நம்பிக் கிடக்கிறது!

கூட்டம் போனால் என்ன ஆகும் என்று பார்க்க மலையேற வேண்டியதில்லை. பாபநாசம் படித்துறையில் இறங்கினாலே போதும். பரிகாரம் என்று ஆற்றில் விட்ட வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் ஊறிக் கிடக்கும். முங்கி எழுந்தால் காலைச் சுற்றும். பாவம் தொலைந்ததோ இல்லையோ, துணி அங்கேயேதான் இருக்கிறது. இதே கூட்டம், தாமிரபரணி பிறக்கும் பூங்குளம் வரை போவதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொரு குறை. அவ்வளவு நீளக் கட்டுரையில் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1987இல் கேரளப் பக்கம் இந்த மலைகளில் ஆய்வுக்குப் போனவர்கள் மூச்சு வாங்கி நிற்க, வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ சிறு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்களாம். என்னவென்று சொல்ல முதலில் தயங்கினார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகே ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ‘ஜீவனி’ மருந்து. அதன் உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கே தருவதாகப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஒப்புக்கொண்டது. மூலிகை மலை என்று வாய் நிறையச் சொல்கிறோம், மூலிகையை அறிந்தவர்களை விட்டுவிடுகிறோம்.

பாதை வேண்டுமா வேண்டாமா என்று இஞ்சிக்குழியிலும் மயிலாறிலும் இருக்கிற அவர்களிடம் முதலில் கேட்கட்டும். வனத்துறைக்கு மனு எழுதத் துடிப்பவர்கள் அதுவரை, பாபநாசம் படித்துறையில் துணி போடப் பெரிய தொட்டிகள் வைக்கவும், நிரம்பினால் அன்றன்றே அள்ளவும் மனு எழுதலாம். கையெழுத்துப் போட நான் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விக்கிரமசிங்கபுரம்