டி.வி.யில வேலை பாக்குற மகனுக்கு

ஈரோடு,
வெள்ளிக்கிழமை

கண்ணு பிரபு,

நீயும் மருமகளும் பாப்பாவும் சௌக்கியந்தானே. போன் பண்ணுனா ‘ஷிப்டுல இருக்கேம்மா’ங்கறே. வாட்சப்புல போட்டா ரெண்டு நீலக்கோடு வருது, பதில் வரல. அதுதான் காயிதத்தில எழுதிப் பாக்கலாம்னு உக்காந்துட்டேன். கொள்ளுப்பொடியும் கச்சாயமும் பார்சல் ஆபீசுல போட்டுவிட்டிருக்கேன். கச்சாயத்தை நாள்பட வெச்சுக்காதீங்க, இந்தத் தடவை எண்ணெய் சித்தெ எச்சாப் போச்சு.

பாப்பா காதுகுத்துக்குத் தை மாசம் நாள் பாத்தாச்சுன்னு பொள்ளாச்சிச் சம்பந்தியம்மா சொன்னாங்க. நெம்பச் சந்தோசம். மாமன் மடியில உக்கார வெக்கறது அவங்க பாடு. ஆரத்தி, அத்தை சீரு, அதெல்லாம் நம்ம பக்கத்துது. அதைப் பத்தி நீ ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

நான் எழுத வந்தது வேற சேதி. போன வாரம் ராத்திரி எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, ‘டீச்சர், உங்க பையன் நிகழ்ச்சி ஓடுதுங்க’ன்னு சொல்லவும் டி.வி.யைப் போட்டோம். கடைசியில உன் பேரு வந்தப்ப எனக்கு நெஞ்சு நெறஞ்சுதான் போச்சு, பொய் சொல்லல. அதுக்கு முந்தி ஒரு மணி நேரம் கீழ ஓடுன எழுத்தைத்தான் பொறுக்க முடியல. ‘பெண்கள் போட்டியில் ஆண்களா?’ன்னு போட்டிருந்துது. கேள்விக்குறி வெச்சுட்டா எதை வேணும்னாலும் எழுதலாமா கண்ணு? பின்னால படத்துல அல்ஜீரியாக்காரக் குத்துச்சண்டைப் புள்ள இமான் கெலிஃப், அமெரிக்க நீச்சல்காரி லியா தாமஸ், கோடியில நம்ம ஓட்டக்காரி சாந்தி. மூணு பேரையும் ஒரே சட்டத்துல அடைச்சிருந்தீங்க.

மூணும் வேற வேற. லியா தாமஸ் திருநங்கை, அதை அவளே சொல்றா. கெலிஃப் திருநங்கை இல்ல. பொண்ணாப் பொறந்து, பொண்ணா வளந்து, பொண்ணுங்கற பாஸ்போர்ட்டோட வந்தவன்னு பாரிஸ்ல ஒலிம்பிக் கமிட்டிக்காரங்களே சொன்னாங்க. 2024ல அவகூட மோதுன இத்தாலிக்காரி 46 செகண்டுல மேடையை விட்டு எறங்குனதும் உலகமே ‘ஆம்பளை அடிச்சுட்டான்’னு எழுதுச்சு. கெலிஃபுக்கு என்ன பரிசோதனை நடந்துது, எதை வெச்சு ஒதுக்குனாங்கன்னு கேட்டா அது பத்திரிகை வேலை. முந்தின வருசம் அவளை ஒதுக்குன குத்துச்சண்டைச் சங்கத்தையே ஒலிம்பிக் கமிட்டி கழட்டி விட்டிருந்துது. அதையும் சேத்துச் சொல்லணுமில்ல?

சாந்தி சேதிக்கு உனக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்ல. 2006ல தோஹா ஆசியப் போட்டியில 800 மீட்டர்ல வெள்ளி வாங்குன அன்னைக்கு எங்க ஸ்கூல் கிரவுண்டுல பொம்பளைப் புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்தேன். நீயும் வாங்கித் தின்னே. கொஞ்ச நாள்ல, பொண்ணுதானான்னு பாக்கற பரிசோதனையில தேறலைன்னு அந்தப் புள்ளையோட உடம்பு ரிப்போர்ட்டு எல்லா டி.வி.யிலயும் ஓடுச்சு. மெடலைப் பிடுங்குனது விளையாட்டுக்காரங்க. மானத்தைப் பிடுங்குனது உங்க ஆளுங்க. அடுத்த வருசம் உயிரையே விடத் துணிஞ்சுட்டா. பொறகு செங்கல் சூளையில கூலிக்கு நின்னா. ஒடிசாப் புள்ள டூட்டி சந்துக்கும் 2014ல இதே மாதிரிதான் வந்துது. அவளுக்கு வழக்காட ஆளு இருந்துது. உடம்புல ஆண் ஹார்மோன் எச்சா இருக்கற பொண்ணுங்களை ஒதுக்கற அந்த விதியை விளையாட்டு நீதிமன்றம் மறு வருசம் நிறுத்தி வெச்சுது. 2018ல ஜகார்த்தாவுல ரெண்டு வெள்ளி வாங்கிக் காட்டுனா. சாந்திக்கு அப்ப யாரு இருந்தாங்க?

அப்பாகிட்டச் சொன்னேன். ‘மண்டியில விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் ஒரே குவியலாக் கொட்டுனா ஏலக்காரன் தொடுவானா? இவன் படிச்சவன்தானே’ன்னாங்க. அவங்க உன்னைப் பத்தி இத்தனை பேசுனதே நெம்ப நாளைக்குப் பொறகு.

நான் ஒருபக்கமாப் பேசறேன்னு நெனைக்காதே. எத்தனை வருசம் பொம்பளைப் புள்ளைங்களை ஓட வெச்சிருக்கேன். மாநிலப் போட்டியில மூணாவது வந்தவளுக்கும் நாலாவது வந்தவளுக்கும் நடுவுல ஒரு நெஞ்சகலம்தான் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு ஒருத்திக்கு, வெறுங்கை இன்னொருத்திக்கு. அந்த நாலாவதுகாரி பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்து அழுததெல்லாம் எனக்கு மறக்காது. அதனால 2023ல உலகத் தடகளச் சங்கம், ஆம்பளையாப் பருவம் கடந்த திருநங்கைகளைப் பெண்கள் பிரிவுல உலக அளவுல சேக்க முடியாதுன்னு சொன்னப்ப, அதுல ஞாயமே இல்லைன்னு என்னால சொல்ல முடியல. ஆண் ஹார்மோனைக் கொறைக்கற மருந்து எடுத்தா, ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கற ஹீமோகுளோபின் நாலு மாசத்துலயே பெண்கள் அளவுக்கு எறங்கிருது. தசையும் பலமும் அந்த வேகத்துல எறங்கறதில்ல. உயரம் எங்கயும் போறதில்ல. இதைச் சொல்ல யாரையும் திட்ட வேண்டியதில்ல. உங்க நிகழ்ச்சியில நாலு பேரு கத்துனாங்களே, ஒருத்தர் வாயிலயாவது ஹீமோகுளோபின்னு வந்துதா?

தாமஸ் 2022ல அமெரிக்கக் கல்லூரி நீச்சல் போட்டியில 500 கெஜம் ஜெயிச்சதைத் திருப்பித் திருப்பிக் காட்டுனீங்க. அதே மீட்ல 200ல அஞ்சாவது, 100ல எட்டாவது. அதைக் காட்டல. சரி, அந்த 500ல ரெண்டாவதா வந்த எம்மா வெயண்ட், டோக்கியோ ஒலிம்பிக்கில வெள்ளி வாங்குனவ. அவளுக்காகத்தான் பேசறோம்னு சொன்னவங்க அவ பேரையாவது சொன்னாங்களா? அதுவும் இல்ல. நியூசிலாந்துத் திருநங்கை லாரல் ஹப்பர்டு அதே டோக்கியோவுல எடை தூக்க வந்தப்பவும் மெடல் போச்சுன்னு ஊரெல்லாம் கூப்பாடு. வயசு 43. மூணு தரம் தூக்கிப் பாத்தா, ஒண்ணும் செல்லல, போயிட்டா. அந்தக் கூப்பாட்டுக்குக் குடுத்த நேரத்துல கால்வாசியை இந்த முடிவுக்குக் குடுத்த சேனல் எதுன்னு தேடித்தான் பாக்கணும். விசாரிச்சுப் போடு கண்ணு. எழுத்து ஓடறதுக்கு முந்தி ஒருக்கா நீயே வாய்விட்டுப் படிச்சுப் பாரு.

சின்னவ இங்கதான் இருக்கறா. ஆடி முடிஞ்சதும் வந்தவ, மேல் ரூமில தங்கியிருக்கறா. அப்பா உனக்குச் சொல்லியிருப்பாங்க. வெள்ளென அஞ்சு மணிக்கெல்லாம் ரெண்டு பேரும் வ.உ.சி. பார்க் மைதானத்துக்குப் போயிடறோம். நீ வாங்கிக் குடுத்த அந்தக் கறுப்பு ஸ்டாப்வாட்சுதான், பேட்டரி மாத்துனேன், நல்லா ஓடுது. பசங்களோட ஓடுன காலத்துல 400 மீட்டர் 51 செகண்டு. இப்ப 57. டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைதான், கண்ட எடத்துல வாங்கல, அந்த வெசனம் உனக்கு வேண்டாம். 57ன்னா நம்ம மாவட்டத்துப் புள்ளைங்க யாரும் கிட்ட வர முடியாது. அதை நான்தான் அவகிட்டச் சொன்னேன், சொல்லாம இருக்க முடியல. ‘தெரியுங்கம்மா, அதான் எதுக்கும் பேரு குடுக்கல’ன்னா. கிழக்கு வளைவுல தோளை எறக்காம ஓடறா, அந்தப் பழைய தப்பு இன்னும் போகல. திட்டுனா சிரிக்கறா. மைதானத்துக்கு வர்ற புள்ளைங்க முதல்ல தள்ளித் தள்ளி நின்னுதுங்க. இப்ப ஸ்டார்ட்டிங் பிளாக்குல கால் எப்படி வெக்கறதுன்னு அவகிட்டத்தான் கேக்குதுங்க.

உங்க நிகழ்ச்சியை அவளும் எங்களோட ஒட்டுக்கா உக்காந்துதான் பாத்தா. கடைசியில ஓடுன பேரையும் பாத்தா. தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு மேல போயிட்டா. மறுநாள் காலையில எப்பவும் போல ஷூ போட்டுக்கிட்டு எனக்கு முன்னால கேட்டுகிட்ட நின்னா. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. ‘அண்ணன் வேலை அப்படிம்மா, மேல இருக்கறவங்க சொல்றதைத்தானே செய்யணும்’னு உனக்காக என்கிட்டயே வாதாடுறா. மேல இருக்கறவங்க சொன்னாங்கன்னு நீ என்கிட்டச் சொல்லிறாதே. ஏழாவது படிக்கறப்பவே, லைன் தாண்டிட்டான்னு உன் சிநேகிதனுக்கே கொடி தூக்குனவன் நீ. அதை இன்னைக்கும் ஸ்டாப் ரூமில சொல்லிச் சிரிப்பாங்க.

ராத்திரி ஷிப்டுன்னா காப்பியைக் கொறை. சேனல்ல என்ன சொன்னாலும், விசாரிச்சுப் போடு. மூணாந்தடவை சொல்றேன்னு சலிச்சுக்காதே.

அப்பாவுக்கு முட்டி வலி தேவலை. மஞ்சள் இந்தத் தடவை சுமாரா வெளஞ்சிருக்குது. பொடக்காளி முருங்கை காத்துல முறிஞ்சு போச்சு, வேற கொம்பு நட்டிருக்கேன்.

காதுகுத்துக்கு ஜவுளி எடுக்க வர்ற புதன்கிழமை போறோம். யாராருக்கு எடுக்கறதுன்னு ஒரு லிஸ்டு போட்டு வெச்சிருக்கேன். சின்னவளுக்கு மாம்பழக் கலரு நல்லா இருக்கும்னு அப்பாதான் சொன்னாங்க. பத்திரிக்கை அச்சுக்குப் போறதுக்கு முந்தி எனக்கு ஒரு நகல் தாட்டி விடு. உங்க பக்கத்து அச்சகத்துல பேரெல்லாம் தப்புத் தப்பா அடிக்கறாங்க, நான் ஒருக்கா பாத்துடறேன்.

அம்மா