777 போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

யூனிக்ஸில் வெப் சர்வர் நிறுவுவது பற்றி உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளைகளோடு முடித்துவிட்டீர்கள். சரி, அப்பாச்சி (இணையப் பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள்) ஏறிவிடும். ஆனால் புதிதாகக் கற்பவர் மாட்டிக்கொள்வதே அதற்கு அப்புறம்தான்.

முதலில் 80-ஆம் போர்ட், அதாவது இணையப் பக்கம் கேட்டு வரும் கோரிக்கைகள் வழக்கமாக வந்து சேரும் எண்ணிட்ட வாசல். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை வழக்கமாக ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கு) மட்டுமே திறக்க முடியும் என்பதால், சாதாரணப் பயனராக ஓட்டினால் "பெர்மிஷன் டினைட்" என்று வந்து நிற்கும், உடனே எல்லாவற்றையும் ரூட்டாகவே ஓட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யத் தேவையே இல்லை. அப்பாச்சி ரூட்டாகத் தொடங்கி போர்ட்டைத் திறந்துகொண்டு, பக்கங்களை அனுப்பும் வேலையை அதிகாரம் குறைந்த வேறொரு பயனரின் பெயரில் ஓடும் துணை ப்ராசஸ்களிடம் விட்டுவிடும். இதைக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் 403 பிழை, அதாவது பக்கத்தைக் காட்ட அனுமதி இல்லை என்று சர்வர் மறுப்பது. நான் முதன்முதலில் நிறுவியபோது ஒரு ராத்திரி முழுக்க இதிலேயே போனது. கோப்புக்கு 644 அனுமதி (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் மாற்றலாம்) கொடுத்திருந்தேன், ஆனால் அது இருந்த என் ஹோம் டைரக்டரி 700 (என்னைத் தவிர வேறு சாதாரணப் பயனர் யாரும் நுழைய முடியாது). மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் நுழைய சர்வருக்கு எக்ஸிக்யூட் அனுமதி வேண்டும் என்பது சர்வர் பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகைத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. இதற்குப் போய் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடச் சொல்லாதீர்கள், அந்த மெஷினில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் உங்கள் பக்கத்தை மாற்றிவிடலாம்.

அடுத்த பகுதியிலாவது இந்த இரண்டையும் விளக்கமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்