லூபெக்கின் ஹோல்ஸ்டன் வாயில்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஜெர்மனியின் லூபெக்கில் படிக்க இடம் கிடைத்தது. அவளைக் கொண்டுபோய் விட்ட கையோடு ஹோல்ஸ்டன் வாயில் என்ற பழைய நகர வாயிலை நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். பழைய ஐம்பது மார்க் நோட்டில் இரட்டைக் கோபுரத்தோடு இருந்ததே, அதுதான்.

ஹன்சா வணிகக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய பணக்கார நகரம் லூபெக். ஹின்ரிக் ஹெல்ம்ஸ்டெடே என்ற நகரக் கட்டடக் கலைஞர் இந்த வாயிலை 1464-இல் தொடங்கி 1478-இல் முடித்தார். எல்லாம் செங்கல். வெளிப்புறச் சுவரின் தடிமன் மூன்று மீட்டருக்கும் மேல். ஊரைப் பார்த்த பக்கமோ ஒரு மீட்டர்கூட இல்லை. பீரங்கிகளுக்கு அறைகள் அமைத்தார்கள், ஆனால் போரில் இங்கிருந்து ஒரு குண்டும் சுடப்படவில்லை. சதுப்பு நிலம்தான் உண்மையான எதிரி. கட்டும்போதே தெற்குக் கோபுரம் சாயத் தொடங்கியது. மேலே கட்டக் கட்ட நிமிர்த்தப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சாய்வு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாயில்கள் இருந்தன. மிஞ்சியது இது ஒன்றுதான். ரயில் வந்ததும் வெளிவாயிலை 1853-இல் இடித்தார்கள். இதையும் இடிக்கச் சொல்லி 1855-இல் நூற்றுக்கணக்கான குடிமக்கள் மனுக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, செல்வம். பராமரிப்பின்றி மண்ணில் புதைந்துகொண்டிருந்த கட்டடம். பிழைப்புக்கு வழிவிடும் என்று நம்பிய ரயில் பாதை. அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும். கடைசியில் 1863-இல் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வாயில் பிழைத்தது! காக்க வாக்களித்தவர்களில் ஒருவர் மனம் மாறியிருந்தால் இன்று அங்கே வெறும் சாலைதான். ஊர் அடையாளம் என்று நாம் கொண்டாடுவதெல்லாம் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியிருக்கிறதே என்று மனம் பதறிப்போனது.

அதன்பின் சீரமைத்து 1871-இல் முடித்தார்கள். 1930-களில் கான்கிரீட் கொண்டு அடித்தளத்தை உறுதிப்படுத்தினார்கள். 1942 மார்ச்சில் விழுந்த குண்டுகளில் பழைய நகரின் பெரும்பகுதி எரிந்தும் வாயில் தப்பியது.

உள்ளே இப்போது அருங்காட்சியகம். கப்பல் மாதிரிகளை நீ மணிக்கணக்கில் பார்ப்பாய். கோடையில் மகன் வீட்டுக்கு வரும்போது லூபெக்கிற்கென்று ஒரு நாளை ஒதுக்கி வை. டிக்கெட் என் பொறுப்பு. கண் பரிசோதனை முடிந்ததும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் ரவி