கிராம சபையைக் கேட்காமல் காட்டுக்குள் சுற்றுலாவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார விடுமுறையில் பெங்களூருவிலிருந்து சென்றுவர ஏற்ற சூழல் சுற்றுலாத் தலங்கள் என்று கபினி, பிலிகிரிரங்கன் மலை, பரம்பிக்குளம் ஆகிய மூன்றையும் அறிமுகப்படுத்தித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செல்லும் வழி, தங்குமிடம், வாடகை, புலி கண்ணில் படக்கூடிய மாதம் என்று எல்லாம் அதில் இருந்தன. அந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஜேனு குருபர், சோளகர், காடர் ஆகியோரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறை என்னை மிகவும் உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் பத்துப் பேர் அல்சூரிலிருந்து வேன் அமர்த்திக்கொண்டு போய், கபினிக் கரையில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கினோம். இரவு உணவுக்கு முன் தீ மூட்டி, 'பழங்குடி நடனம்' என்று அறிவித்தார்கள். ஜேனு குருபப் பெண்கள் ஐந்து பேர் ஆட, முதியவர் ஒருவர் பறை போன்ற ஒரு வாத்தியத்தை அடித்துக்கொண்டே பாடினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். சாப்பாடு தயார் என்று விடுதிக்காரர் கையசைத்ததும் பாட்டு பாதியில் நின்றது. எனக்கு மனம் கேட்கவில்லை. பிறகு அந்த முதியவரிடம் சென்று, அது என்ன பாட்டு என்று கன்னடத்தில் கேட்டேன். தேனடை எடுக்க மரமேறும்போது தேனீக்களிடம் சொல்லிப் பாடுவது என்றார். ஜேனு என்றால் தேன். அந்த மக்களின் பெயரே அந்தத் தொழிலிலிருந்து வந்தது. அவருடைய தகப்பனார் வாழ்ந்த ஹாடி, அதாவது பழங்குடிக் குடியிருப்பு, காட்டுக்குள்ளே இருந்ததாம். அன்று காலை எங்கள் ஜீப் சென்ற பாதைக்குப் பக்கத்தில்தான் அந்த இடம். அங்கே முன்னோருக்குப் பூசை செய்ய வேண்டுமென்றால் அவர் வனத்துறையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். நாங்களோ கட்டணம் செலுத்தி, தொப்பியும் கேமராவுமாக அதே இடத்தைக் கடந்து போய்வந்திருந்தோம். அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

கபினியை ஒட்டிய நாகரஹொளெக் காட்டின் வரலாறு இதைவிட நீண்டது. 1970களில் கபினி அணையும் பின்னர் தேசியப் பூங்காவும் வந்தபோது காட்டுக்குள் இருந்த ஹாடிகள் பல காலி செய்யப்பட்டன. 1990களில் அந்தப் பூங்காவுக்குள்ளேயே முர்க்கல் என்ற இடத்தில் ஒரு பெரிய ஓட்டல் நிறுவனத்துக்கு விடுதி நடத்தக் குத்தகை கொடுக்கப்பட்டது. அங்கிருந்த பழங்குடி மக்கள் போராடி, நீதிமன்றத்துக்கும் சென்றார்கள். மத்திய அரசின் முன் அனுமதியின்றிக் கொடுக்கப்பட்ட அந்தக் குத்தகை செல்லாது என்று 1997இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று அவர்களுக்குத் துணைநின்றவற்றுள் முக்கியமானது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம்.

அதே சட்டத்தில்தான் 2023இல் திருத்தம் செய்யப்பட்டது. வனத்துறையின் செயல் திட்டத்திலோ புலிகள் பாதுகாப்புத் திட்டத்திலோ சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகள் இனி 'வனம் சாராத பயன்பாடு' ஆகமாட்டா என்கிறது அந்தத் திருத்தம். படிப்பதற்கு இது வெறும் சொல் விளக்கமாகத் தோன்றலாம். ஆனால், வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அங்கு வாழ்வோரின் உரிமைகளைத் தீர்த்துவைத்துக் கிராம சபையின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009இல் அனுப்பிய சுற்றறிக்கை வலியுறுத்தியது. சுற்றுலா விடுதியை நில மாற்றமாகவே கருதாவிட்டால், அந்த மக்களைக் கேட்க வேண்டிய அந்த ஒரே வேளையும் வராமலே போய்விடும். காட்டில் அமையும் உயிரியல் பூங்காக்களுக்கும் சஃபாரிகளுக்கும் தன்னுடைய ஒப்புதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது ஆறுதல் தருகிறது. எனினும் கிராம சபையின் இடத்தை அது நிரப்பாது.

உரிமைக் கோரிக்கைகளைத் தீர்த்துவைக்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பதும் அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளதுதான். 2025 மே மாதத்தில் 52 ஜேனு குருபர் குடும்பங்கள், நாகரஹொளெக் காட்டில் தங்கள் முன்னோர் வாழ்ந்த கரடிக்கல்லு அத்தூர் கொல்லிக்குத் திரும்பிக் குடிசை போட முயன்றபோது, அவர்களை அத்துமீறி நுழைந்தவர்களாகவே வனத்துறை பார்த்தது. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 விழுக்காடு வரை சுற்றுலாவுக்குத் திறந்துவிட 2012ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இடமளிக்கின்றன. சுற்றுலா வண்டியால் கெடாத காடு, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் குடிசையால் கெட்டுவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சூழல் சுற்றுலாவால் அந்த மக்களுக்கு வேலை கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. தேக்கடியில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை எனும் காட்டு இலவங்கப்பட்டையை உரித்துக்கொண்டிருந்தவர்கள் 1990களின் இறுதியில் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகி, காட்டைக் காப்பவர்களாகவும் மாறினார்கள். சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து சாலையில் செல்லக்கூடிய, கேரளத்தின் பரம்பிக்குளத்திலும் காடர், மலசர், முதுவர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். ஆனால் எத்தனை வண்டிகளை உள்ளே விடுவது, எந்தப் பாதையைத் திறப்பது, வசூலான பணத்தை எதற்குச் செலவிடுவது என்பவற்றில் இறுதிச் சொல் பெரும்பாலும் வனத்துறையுடையது. அங்குள்ள கன்னிமாரா என்ற மிகப் பழைய தேக்கு மரத்தை வெட்ட முயன்றபோது மரத்திலிருந்து ரத்தம் கசிந்ததாகவும், அதனால் அதைத் தெய்வமாக வணங்குவதாகவும் அம்மக்கள் சொல்வார்கள். நாமோ ஆளுக்கு ஆள் கைகோத்து அதன் சுற்றளவை அளந்து படமெடுத்துக்கொண்டு வருகிறோம்.

பிலிகிரிரங்கன் மலையின் சோளகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே 2011இல், 25 கிராம சபைகள் அங்கே சமூக வன உரிமை, அதாவது காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தவும் காக்கவும் உரிமை, பெற்றன. கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்குச் சிறிய அளவில் தீயிடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி புதர் புதராகப் பரவி, புல்லும் நெல்லியும் குறைந்தன என்று சோளக மூத்தோர் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். காட்டைப் பற்றி இவ்வளவு நுட்பமாக அறிந்தவர்களிடம், சுற்றுலாப் பாதையை எங்கே அமைப்பது என்று கேட்பதற்கு அரசுக்கு என்ன தயக்கம்?

கர்நாடக, கேரள, தமிழ்நாட்டு அரசுகள், காட்டுக்குள் வரும் ஒவ்வொரு சுற்றுலாத் திட்டத்தையும் அந்தந்த மக்களின் மொழியில் எழுதிக் கிராம சபையின் முன் வைத்து, அது மறுத்தால் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பயணக் கட்டுரைக்காகத் தங்கள் நிருபர் கபினிக்குச் செல்லும்போது, விடுதி நிர்வாகியைச் சந்திக்கும் முன் பக்கத்து ஹாடிக்குப் போய், அங்கிருப்பவர்கள் இந்தச் சுற்றுலாவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, அதையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.