கரு இணைவுச் செய்திகளில் செலவுக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலேசான அணுக்கருக்களை ஒன்றிணைத்துச் சக்தி பெறும் கைக்கடக்கமான கரு இணைவு உலைகள் சில ஆண்டுகளில் மின்சாரம் தரத் தொடங்கிவிடும் என்ற நம்பிக்கையோடு தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். மாபெரும் உலைகளுக்கு மாற்றான வழிகளின் அருமையை அது நன்றாகச் சொல்லியிருந்தது. ஆனால் அவற்றின் செலவுக் கணக்கைச் சொல்லாமல் விட்டது எனக்குக் கவலையளித்தது.

மாற்று வழிகளைத் தேடுவதற்கு நியாயம் உண்டு. பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்னும் மாபெரும் டோக்காமாக் (பிளாஸ்மா எனும் மிகச் சூடான மின்னேற்ற வாயுவை வளைய வடிவக் காந்தப் புலத்தில் அடைத்துவைக்கும் உலை) 2025இல் இயங்கத் தொடங்கும் என்றார்கள். 2024இல் வெளியான திருத்திய திட்டமோ ஆய்வுப் பணிகளை 2034இற்குத் தள்ளிவிட்டது. அதே வேளை, ஜேர்மனியின் வென்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்னும் மாற்று வடிவ ஆய்வு உலை, முறுக்கி வளைத்த காந்தச் சுருள்களைக் கொண்டு 2023இல் பிளாஸ்மாவை எட்டு நிமிடங்கள் தாங்கிப் பிடித்தது. அது கட்டுவதற்குக் கடினமான வடிவமேயாயினும், நீண்ட நேரம் நிலைத்தியங்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் என் நம்பிக்கை அதன் பக்கமே அதிகம் சாய்கிறது.

கட்டுரை பெரிதும் வியந்த புரோத்தன்–போரன் எரிபொருளை (ஐதரசன் கருவும் போரன் கருவும் இணைவது) பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வழமையான எரிபொருளில், ஐதரசனின் பாரமான வகைகளாகிய டியூட்டீரியமும் திரிதியமும் இணையும்போது பிறக்கும் வேகமான நியூத்திரன்கள் உலையின் சுவரையே அரித்துக் கதிரியக்கமாக்குகின்றன. போரன் வழியில் பெரும்பாலும் மின்னேற்றமுள்ள ஈலியக் கருக்களே பிறப்பதால் இத்தொல்லை மிகக் குறைவு. ஆனால் போரன் கருவில் ஐந்து புரோத்தன்கள் உள்ளன. அவற்றின் விலக்கு விசையை வெல்ல, நூறு கோடிப் பாகைக்கும் மேற்பட்ட வெப்பநிலை தேவை. அந்த வெப்பநிலையில் இலத்திரன்கள் எக்ஸ் கதிர்களாகச் சக்தியை இழந்துகொண்டே இருப்பதால், இணைவு தரும் சக்தியின் பெரும்பகுதியை அந்த இழப்பே விழுங்கிவிடுகிறது. 1995இல் அமெரிக்க ஆய்வாளர் டொட் ரைடர் தமது ஆய்வேட்டில் சுட்டிக்காட்டிய இந்தத் தடையை எந்த முதலீட்டாளரின் பணமும் விலக்கிவிடாது. புதிய பௌதிகமே விலக்க வேண்டும்.

2022 டிசெம்பரில் அமெரிக்காவின் லேசர் ஆய்வுகூடம் ஒன்றில் 2.05 மெகாயூல் ஒளிச் சக்தி செலுத்திக் கரு இணைவால் 3.15 மெகாயூல் பெற்றது உண்மையான சாதனை. எனினும் அந்த லேசர்களை இயக்க ஏறத்தாழ 300 மெகாயூல் மின்சாரம் செலவானதையும் வாசகர் அறிய வேண்டும். யுத்த காலத்தில், கிளிநொச்சியில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் உயர்தரப் பௌதிகவியல் கற்பித்தவன் நான். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குப் பம்பி எவ்வளவு நேரம் நீரிறைக்கும் என்று துளித்துளியாகக் கணக்குப் பார்த்த வன்னி மக்களுக்கு, உள்ளே போனது எவ்வளவு என்று கேட்பது புதிய பழக்கமன்று.

ஆகவே, இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, வெளிவந்த சக்தியின் அளவோடு, மின்கம்பியிலிருந்து பெறப்பட்ட மொத்தச் சக்தியையும், பிளாஸ்மா நிலைத்த நேரத்தையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை பௌதிகவியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.